வெள்ளிக் கரண்டிக்குச் சைபர்

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் இளவரசிக்கு முப்பது மார்க். முப்பத்து மூன்று வாங்கினால் பாஸ். மூன்று மார்க்கில் ஒரு பெண்ணின் படிப்பு போய்விடுமா என்று கேட்பவர்கள், டெல்லியில் இந்த மாதிரித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் படிக்க வைக்காதவர்கள். அங்கே கணக்கு எளிது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கமிட்டிக்காரர்கள் பிரின்சிபாலை நிற்க வைத்துக் கேட்பார்கள். அதனால் பத்தில் விழக்கூடிய பிள்ளைகளை ஒன்பதிலேயே கழித்துக் கட்டிவிடுவது. டி.சி.யைக் கையில் கொடுத்து, "தபால்ல படிச்சுக்கோம்மா" என்று அனுப்பிவிடுவது. தமிழ்க் குடிசைகள் நிறைந்த மதராசி கேம்ப்பில் அப்படித் தபாலுக்குப் போன பெண்களை எண்ணிப் பார்த்தால் இரண்டு கை விரல் போதாது. பரீட்சை எழுதியவள் ஒருத்தி இல்லை. அடுத்த மாதமே அம்மாவுக்குப் பின்னால் ஜங்புராவுக்கும் போகலுக்கும் பாத்திரம் தேய்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

இது தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மார்ச் மாதம் நடந்தது.

இளவரசியின் அப்பா கலியமூர்த்தி சின்னசேலத்துக்காரர். ரோடு பெருக்கும் கான்ட்ராக்டரிடம் வேலை. அம்மா ராஜம் மூன்று வீட்டில் வேலை செய்தாள். மூன்றில் பெரிய வீடு லோதி காலனி அரசுக் குடியிருப்பில் காமாக்ஷி மாமியுடையது. அந்த வீட்டுக்காரர் ஏதோ அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். மாமி அந்தக் காலத்து பி.ஏ. அதுவும் ஆங்கில இலக்கியம். பால்காரனிடமே அதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஆங்கிலப் பாடம் எடுத்தவர் ராமமூர்த்தி சார். அவர் கெட்டவர் இல்லை. அடிக்க மாட்டார். பிள்ளைகளிடம் சாதி கேட்க மாட்டார். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். ஆனால் அவர் பாடப் புத்தகத்தைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவர் கையில் எப்போதும் இருந்தது கைடு. கதை என்றால் கைடில் இருக்கும் சுருக்கத்தை வாசிப்பார். பிறகு பென்சிலால் மூன்று கேள்விக்கு டிக் போடச் சொல்வார். அந்த மூன்றுக்கும் பதிலைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். கவிதை என்றால் இன்னும் சுருக்கம். நாற்பது நிமிஷத்தில் இரண்டு கவிதை முடியும்.

அந்த வருஷம் ஒரு கவிதை இருந்தது. கரையில் ஒரு விளக்கு எரிகிறது, கிழவன் ஒருவன் படகில் வருகிறான். அவ்வளவுதான் யாருக்கும் தெரியும். விளக்கு எதைக் குறிக்கிறது என்பது ஐந்து மார்க் கேள்வி.

"எதுக்குடி மண்டைய ஒடைச்சுக்கிற?" என்றாள் பக்கத்து பெஞ்ச் பிரியதர்ஷினி. அவளும் கேம்ப்தான். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழில் பாதி இந்தி. "போயம்ல என்னா வந்தாலும் அது நம்பிக்கைடி. விளக்கு வந்தா நம்பிக்கை. பறவை வந்தா நம்பிக்கை. போன வருஷம் ஒரு மரம் வந்துச்சுல்ல, அதுவும் நம்பிக்கை. ரட்டா அடிச்சு மனப்பாடம் பண்ணிட்டுப் போடி."

"கல்லு வந்தா?"

"கல்லு ஒடைஞ்சா சோகம். ஒடையலன்னா நம்பிக்கை."

இளவரசி சிரித்தாள். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. புத்தகத்தைப் படித்துப் பார்ப்பாள். அவளுடையது பழைய புத்தகம். முன்னால் வைத்திருந்த யாரோ ஓர் இந்திக்காரப் பெண், கதைப் பாடங்களில் ஒவ்வொரு கடினமான வார்த்தைக்கும் மேலே பென்சிலால் இந்தியில் அர்த்தம் எழுதியிருந்தாள். இளவரசி ஆங்கிலத்தைப் பார்ப்பாள், மேலே இந்தியைப் பார்ப்பாள், அதை மனசுக்குள் தமிழாக்கிக்கொள்வாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாராபுல்லா நாலா என்னும் சாக்கடைப் பக்கமாக இருந்த வாசல்படியில், கொசுவை அடித்துக்கொண்டே அப்படி ஒரு கதையை முழுசாக முடித்தாள்.

கதை இது. எங்கோ பனி பெய்யும் ஊர். மிஸஸ் வில்மாட் என்று ஒரு பணக்கார அம்மாள். அவள் வீட்டில் நெல்லி என்று வேலைக்காரப் பெண். ஒரு வெள்ளிக் கரண்டி காணாமல் போகிறது. அந்த அம்மாள் நெல்லியின் தகரப் பெட்டியை வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் திறந்து கொட்டச் சொல்கிறாள். கரண்டி இல்லை. மூன்று நாள் கழித்து அது அம்மாளின் தையல் கூடையில் துணிக்கு அடியில் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று அம்மாள் தன் பழைய கோட்டை நெல்லிக்குக் கொடுக்கிறாள். நெல்லி அவள் கையை முத்தமிட்டு அழுகிறாள். கதை முடிந்தது.

கைடு சொன்னது: மிஸஸ் வில்மாட் கருணையும் தாராள மனமும் கொண்ட சீமாட்டி. ஏழைகளிடம் அன்பு காட்ட வேண்டும் என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது. ஏழு வரி. எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. விளக்குக்கு இளவரசி நம்பிக்கை என்று எழுதினாள், அந்தக் கவிதையில் ஒரு வரியும் புரியாமல். ஐந்துக்கு நான்கு கிடைத்தது. கரண்டிக் கதைக்குக் கைடின் முதல் வரியை எழுதத் தொடங்கினாள். கை ஓடவில்லை. அடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினாள். சைபர் கிடைத்தது. சிவப்பு மையில் பெரிய வட்டம்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவள் சாரின் மேஜைக்குப் போனாள்.

"சார், இது தப்பா சார்?"

"எது?"

"அந்த அம்மா நல்லவ இல்லன்னு எழுதினது. புக்ல பாருங்க சார். கரண்டி கெடச்சப்புறம் அவ சாரியே சொல்லல. நான் ரெண்டு தடவ படிச்சேன்."

ராமமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "இது உன் அபிப்ராயம்மா. பரீட்சைல யாரும் உன் அபிப்ராயத்தக் கேக்கல."

"கேள்வியே அந்த அம்மா எப்படிப்பட்டவங்கன்னுதானே சார் கேட்டிருக்கு?"

"எப்படிப்பட்டவங்கன்னு நான்தான் நோட்ஸ் கொடுத்தேனே! நாளைக்கு போர்டு பரீட்சைல உன் பேப்பர யாரோ ஒருத்தர் திருத்துவார். அவர் கையிலயும் ஒரு விடை இருக்கும். அதோட ஒத்துப் போகுதான்னு பாப்பார். ஒன்னோட சண்டை போட்டுட்டு இருப்பாரா?" குரலைத் தணித்துக்கொண்டார். "இதப் பார். ஒரு சப்ஜெக்ட் போனவங்களுக்கு ஏப்ரல்ல மறுபரீட்சை இருக்கு. அதுவும் போச்சுன்னா பிரின்சிபால் டி.சி. கொடுத்துடுவார், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நான்தான் பேப்பர் செட் பண்றேன். இதே கேள்வி வரும்னு வெச்சுக்கோ. நோட்ஸ்ல இருக்கறத எழுது, பாஸாகு. இப்ப பேப்பர்ல அம்மா கையெழுத்து வாங்கிட்டு வா."

அவர் அதை நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

ராஜத்துக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் அவள் யார் காகிதம் நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. கேம்ப்பில் ஒரு தடவை ரேஷன் கார்டுக்கு என்று சொல்லி வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிப்போனவன், குடிசையைக் காலி செய்யச் சம்மதம் என்று எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகு குடிசைவாசிகள் சங்கத்து ஆட்கள் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்: என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எதிலும் கை வைக்காதே. கேம்ப் அந்த ஒரு பாடத்தை மட்டும் ஒழுங்காகப் படித்தது.

"இதுல என்னா எழுதியிருக்கு?" என்றாள் ராஜம், விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"பரீட்ச பேப்பரும்மா. மூணு மார்க் கம்மி. கையெழுத்து போடு."

"அந்த ரவுண்டு என்னாது?"

"சைபரு."

"எதுக்கு சைபரு?"

"ஒரு கதைக்கு. நான் படிச்சுச் சொல்றேன் இரு."

"நீயே படிச்சு நீயே சொல்லுவியா? திருடுனவனையே கூப்ட்டு பஞ்சாயத்து பண்ற மாதிரி இருக்குதே! நாளைக்கு ஸ்கூல் லீவுதானே? எங்கூட கெளம்பு. காமாக்ஷி மாமி இங்கிலீசு படிச்சவங்க. அவுங்க படிச்சுச் சொல்லட்டும், போடுறேன்."

"அவங்க வேணாம்மா. வேற யாரையாச்சும் கேப்போம்."

"ஏன், அவுங்களுக்கு என்னா? அவுங்க வூட்டுக்காரருக்கு ஒன் ஸ்கூல் கமிட்டியில ஆளு தெரியும். ரெண்டு வார்த்த சொல்லச் சொன்னா மூணு மார்க்கு வராதா?"

"அம்மா, சொல்றதக் கேளு. அவங்ககிட்ட மட்டும் வேணாம்."

"அப்ப என்னமோ திருட்டுத்தனம் பண்ணியிருக்குற. காப்பி அடிச்சியா?"

"இல்லம்மா!"

"அப்ப வா."

ஏன் வேண்டாம் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அம்மா முதுகில் இரண்டு வைப்பாள் என்று பயம். எழுதியதைச் சொல்ல வெட்கம். காலையில் லோதி காலனிக்கு நடக்கும்போது நான்கு தடவை வாயைத் திறந்தாள், நான்கு தடவையும் ராஜம், "ஜல்தி நட, மாமி காத்துகிட்டிருப்பாங்க" என்றாள்.

காமாக்ஷி மாமி காப்பி டம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "இங்கிலீஷா? கொண்டா, கொண்டா. இவர் ஆத்துல இருந்தா எனக்குப் பேப்பரே கெடைக்கறதில்ல. யார்டி ஒங்க டீச்சர், ராமமூர்த்தியா? அவருக்கே கிராமர் தடுமாறும்னு கேள்வி." கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"தமிழ்ல சொல்லுங்க மாமி, எனக்குப் புரியுற மாதிரி" என்று சொல்லிவிட்டு ராஜம் தரையில் உட்கார்ந்தாள். இளவரசி கதவோரம் நின்றாள்.

மாமி சத்தமாகவே தொடங்கினாள். "மிஸஸ் வில்மாட் நல்லவள் இல்லை. ஓகோ, நன்னா ஆரம்பிக்கறாளே! அவள் நெல்லியின் பெட்டியை எல்லார் முன்னாலும் திறந்தாள். தன் கூடையைத் தனியாகத் திறந்தாள். கரண்டி கிடைத்ததும் மன்னிப்புக் கேட்கவில்லை, கோட்டு கொடுத்தாள். கோட்டு வாங்கிக்கொண்டவள் பிறகு வாய் திறக்க முடியாது. பரவாயில்லையே, இந்த சென்டென்ஸ் நன்னா வந்திருக்கு. என் அம்மா வேலை செய்யும் வீட்டிலும்..."

வாசிப்பதை நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்தது.

"சொல்லுங்க மாமி" என்றாள் ராஜம்.

மாமி வாசித்தாள். இப்போது மெதுவாக. "என் அம்மா வேலை செய்யும் வீட்டிலும் ஒரு தங்க வளையல் காணாமல் போனது. என் ஸ்கூல் பையைத் தரையில் கொட்டினார்கள். என் டிபனைக்கூடத் திறந்து பார்த்தார்கள். நான்கு நாள் கழித்து வளையல் அவர்கள் பீரோவில் ஜாக்கெட் துணிக்குள் இருந்தது. எங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தார்கள். அம்மா தேங்க் யூ சொன்னாள்."

ராஜம் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அடி இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

"நான் எதுவும் சொல்லிக் குடுக்கலீங்க மாமி. சத்தியமா" என்றாள் ராஜம்.

"நீ சொல்லிக் குடுத்தேன்னு நான் சொன்னேனா?" மாமி கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டு வருஷம் ஆச்சு. இதையெல்லாம் மனசுல வெச்சிண்டு பரீட்சை பேப்பர்ல எழுதுவாளா ஒருத்தி? ஏண்டி, நான் அன்னிக்கே சாரி சொல்லலையா?"

"இல்ல மாமி" என்றாள் இளவரசி.

"புது ஸ்வெட்டர் குடுத்தேனே! பழசு இல்ல, சரோஜினி நகர்லேர்ந்து வாங்கிண்டு வந்து குடுத்தேன்."

"அதத்தான் மாமி எழுதியிருக்கேன்."

"வாய மூடுடி!" என்றாள் ராஜம்.

மாமி விடைத்தாளை மடித்து ராஜத்திடம் நீட்டினாள். "வாத்தியார் சைபர் போட்டது சரிதான். வயசுப் பொண்ணுக்கு இந்தத் திமிர் ஆகாது. இதுக்கு நான் இவர்கிட்ட சிபாரிசு பண்ணணுமாக்கும்."

ராஜம் எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். "பேனா இருந்தா குடுங்க மாமி."

மாமி யோசிக்காமல் டீப்பாயில் கிடந்த பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ராஜம் தாளைச் சுவரில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தச் சிவப்பு வட்டத்துக்குக் கீழேயே தன் பெயரை எழுதினாள். மூன்று எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் முழுக்கத் தேய்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

திரும்பி வரும் வழியில் ராஜம் ரயில்வே பாலம் வரைக்கும் முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். பாலத்துக்கு அடியில் நின்று பெண்ணின் காதைப் பிடித்தாள்.

"அந்த ஸ்வெட்டரப் போட்டுகிட்டுதானேடி ரெண்டு குளிரும் ஸ்கூலுக்குப் போன? அப்ப கடிக்கலியா அது?"

"கடிச்சுது."

"அப்ப கழட்டி எறிய வேண்டியதுதானே."

"எறிஞ்சா குளுரும்மா."

ராஜம் காதை விட்டாள்.

மறுநாள் காலை ராஜம் வேலைக்குப் போனபோது மாமி கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை. வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்று கதவிடுக்கு வழியாகச் சொன்னாள். ராஜம் கேம்ப்புக்குத் திரும்பி, குடிசை வாசலில் செருப்பை உதறினாள்.

"ஒரு பாராவுக்கு ஒரு வூட்டத் தின்னுடுச்சு ஒன் இங்கிலீசு. இன்னும் ரெண்டு பாரா எழுது, மத்த ரெண்டும் போவட்டும்."

"நான்தான் போக வேணாம்னு சொன்னேன்ல?"

"ஏன்னு சொன்னியா?"

இளவரசி உதறிய செருப்பை எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

"எப்பப் பரீட்ச?"

"அடுத்த வாரம்."

"அதே கதைதான் வருமா?"

"வரும்னு சார் சொன்னாரு."

"அப்ப அந்தப் பொம்பள தங்கமானவன்னு எழுதிட்டு வா."

"அது பொய்யிம்மா. நீயே கேட்டல்ல நேத்து? அதுல என்னா தப்பு இருந்துச்சு?"

"தப்பு இருக்குன்னு நான் சொன்னேனா? தப்பு இருந்தா கையெழுத்து போட்டிருப்பேனா?" ராஜம் வாசல்படியில் உட்கார்ந்தாள். "அஞ்சு வருசம் அந்த வூட்டுல தெனம் சிரிச்சுகிட்டு, சரிங்க மாமி, சரிங்க மாமின்னேனே, அதெல்லாம் நெசமா? அது மாதிரி நெனச்சுக்க. ஏழு வரிதானே! எழுதிட்டு வந்து இங்க ஒக்காந்து காறித் துப்பு. இல்லன்னா அவங்க வேற ஆளு பாத்துட்டாங்க, நான் வேற வூடு பாக்கணும், நீயும் எங்கூட வந்து பாரு. ரெண்டு பேருக்கும் சேத்தே தேடுவோம்."

அன்று சாயங்காலம் பிரியதர்ஷினி கைடைக் கொண்டுவந்து கொடுத்தாள். இளவரசி ஏழு வரியையும் சத்தம் போட்டுப் படித்தாள். கருணையும் தாராள மனமும். கருணையும் தாராள மனமும். நாலாவில் முழங்கால் வரை இறங்கி வலையில் பிளாஸ்டிக் அள்ளிக்கொண்டிருந்த அடுத்த குடிசைத் தர்மன், "என்னா இளவரசி, யாருக்கு ஓட்டு கேக்குற?" என்று அங்கிருந்தே கத்தினான். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுபரீட்சையில் பதினோரு பேர். நான்காவது கேள்வி, சொன்னபடியே, மிஸஸ் வில்மாட். இளவரசி பேனாவை எடுத்தாள். மற்றவர்களைப் போல மேலே பார்த்து யோசிக்கவில்லை. ஏழு வரியையும் ஒரே மூச்சில், காற்புள்ளி தவறாமல், கைடில் இருந்த மாதிரியே எழுதினாள். எழுதி முடித்துத் திரும்பப் படித்துப் பார்க்காமல் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள்.

நான்கு நாள் கழித்து முடிவு சொன்னார்கள். ராஜத்துக்கு அதற்குள் போகலில் ஒரு பஞ்சாபி வீடு கிடைத்திருந்தது. அதனால் அவள் வரவில்லை. ராமமூர்த்தி சார் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மார்க் சொன்னார். இளவரசியின் தாளை எடுத்ததும் அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"நாப்பத்தி நாலு! பாஸ். பத்தாங்கிளாஸ் போற. நாலாவது கேள்விக்கு அஞ்சுக்கு அஞ்சு, பாத்தியா? மொதல்லயே இப்படி எழுதியிருந்தா எனக்கு எதுக்கு இவ்வளவு தலைவலி? இந்த தடவதான் கதைய ஒழுங்காப் படிச்சிருக்க."

"இல்ல சார்" என்றாள் இளவரசி. "இந்த தடவ நான் கதைய படிக்கவே இல்ல."

"அச்சா, அச்சா" என்று சிரித்தபடி அவர் தாளில் கையெழுத்துப் போட்டு அடுக்கின் அடியில் செருகினார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.